டியூக் சமீனான கதை

1

திருப்பூர் ராயபுரத்தில் அச்சாபீஸ் வைத்திருக்கும் என் நண்பர், பனியன் கம்பெனிகளுக்கு விலைச்சீட்டும் கலியாணப் பத்திரிகையும் அடித்தது போக மிச்சமாகும் காகிதத்தில் ஒரு மாதப் பத்திரிகை நடத்துகிறார். அவரிடமிருந்து கடிதம் வந்திருந்தது. "சீமைக்குப் போய் வருஷம் இத்தனை ஆகிறது. மகாராணி அரண்மனை, தேம்ஸ் நதி, பூமிக்கடியில் ஓடும் ரயில் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நாலு பக்கம் எழுதக்கூடாதா?" என்று கேட்டிருந்தார்.

அரண்மனையை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து, மழையில். பூமிக்கடி ரயிலில் ஒரு முறை ஏறி, இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டேஷன் தள்ளி இறங்கினேன். அந்த இரண்டு விஷயங்களும் இத்துடன் தீர்ந்தன. தேம்ஸ் நதி லண்டனில் ஓடுகிறது. நான் இருப்பது லெஸ்டரில்.

அதனால் எனக்கு முழுதாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. உறைமேல் 'டியூக், மேற்பார்வை திரு. குமாரசாமி' என்று எழுதியிருந்தது. குமாரசாமி நான். டியூக் எங்கள் நாய். அது எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் நிறைந்ததற்காக, அதைக் கொடுத்த நாய்க் காப்பகம் அனுப்பிய வாழ்த்து. நான் இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் என் வருகையை யாரும் வாழ்த்தி அட்டை போட்டதில்லை.

2

திருப்பூரில் நான் நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருந்தேன். எங்கள் கம்பெனியில் இருந்த பழைய மெஷின் ஒன்றின் பித்தளைத் தகட்டில் 'லெஸ்டர்' என்று பொறித்திருக்கும். அந்த ஊர்ப்பெயரை எண்ணெய்த் துணியால் தினமும் துடைப்பது என் வேலை. பல வருஷம் துடைத்தேன். கடைசியில் இங்கே வேலை செய்ய அனுமதிக்கும் வவுச்சர் ஒன்று கிடைத்து அந்த ஊருக்கே வந்து சேர்ந்தேன். வந்த முதல் நாள் இங்கத்திய ஹோசியரி ஆலையில் ஃபோர்மேன் ஒரு மெஷினைக் காட்டி, "இதைத் தெரியுமா?" என்றார். கூடப் பிறந்தவனைத் தெரியுமா என்று கேட்டது போல இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து என் மனைவி தெய்வானையும் மகள் கோமதியும் வந்தார்கள். தெய்வானை திருப்பூருக்குப் பக்கத்து ஊரான மங்கலத்துப் பெண். அவளுடைய அய்யன், அதாவது அப்பா, அங்கே விசைத்தறி ஓட்டுகிறவர். கோமதிக்கு அப்போது நாலு வயது. விமானத்திலிருந்து இறங்கும்போது மூச்சு விடாமல் கொங்குத் தமிழ் பேசிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த ஆறே மாதத்தில் 'அப்பா' போய் 'டாட்' வந்தது. எட்டு வயதில் அவளிடம் மிச்சமிருந்த தமிழ் 'போதும்', 'வேண்டாம்', 'சோறு' ஆகிய மூன்றே வார்த்தைகள். தெய்வானையிடம் இருந்த ஆங்கிலம் 'யெஸ்', 'நோ', 'தேங்க்யூ' ஆகிய மூன்றே வார்த்தைகள். தாயும் மகளும் இந்த ஆறு வார்த்தைகளைக் கொண்டு ஒரு நாளை ஓட்டுவார்கள். அதற்கு மேல் ஏதாவது வேண்டுமென்றால் நான் வேலையிலிருந்து திரும்பும்வரை இரண்டு பேரும் காத்திருக்க வேண்டும்.

இந்த நிலையில்தான் கோமதி நாய் வேண்டும் என்றாள். அவள் வகுப்பில் எல்லார் வீட்டிலும் நாய் இருக்கிறதாம்.

"நாய் எதுக்குங்க? அது பின்னால எவ தொடச்சுக்கிட்டுத் திரியறது?" என்றாள் தெய்வானை.

எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது. நாயை 'வளர்ப்பது' என்பது நமக்குப் பழக்கமில்லாத காரியம். ராயபுரத்தில் எங்கள் கம்பெனி வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். அதை யாரும் தத்தெடுக்கவில்லை. அதுதான் கம்பெனியைத் தத்தெடுத்திருந்தது. காலை டீயோடு வரும் பன்னில் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, புதிதாக வருகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும். ஒரு நாள் அது எதிர்வரிசைக் கம்பெனிக்கு மாறிப் போய்விட்டது. அங்கே பன் பெரிதாம். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

3

இங்கே தெருவில் நாய் கிடையாது. வேண்டுமென்றால் கடையில் விலைக்கு வாங்கலாம்; இல்லாவிட்டால் கைவிடப்பட்ட நாய்களுக்கான காப்பகத்துக்குப் போய் விண்ணப்பிக்கலாம். கிளம்பும்போது தெய்வானைக்கு விளக்கிச் சொன்னேன். ஆடுமாடு வரப்பு தாண்டினால் அடைப்பார்களே பவுண்டு, அதுபோல ஒன்று என்றேன்.

"பவுண்டுல அடச்ச நாயா?" என்றாள். "அது என்ன தப்புப் பண்ணுச்சாமா?"

காப்பகத்தை நடத்துகிறவர் மிஸ் ஹார்ப்பர் என்ற உயரமான அம்மையார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். மேஜைக்கு எதிரில் என்னை உட்காரவைத்து நாலு பக்கப் படிவத்தை விரித்தார்.

"பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?"

"என் மனைவி."

"நாயோடு பேசுவாரா?"

"அவள் யாரோடும் பேசமாட்டாள், மேடம். ஆங்கிலம் தெரியாது."

மிஸ் ஹார்ப்பர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்துவிட்டு எதையோ நீளமாக எழுதினார்.

"கார்டன் இருக்கிறதா?"

கார்டன் என்றால் எனக்குத் தெரிந்தது பூங்கா. ஃபிட்டர் வீட்டுக்குப் பூங்கா ஏது? இல்லை என்றேன். அவர் முகம் வாடியது. பிறகு எங்கள் வீட்டைச் சோதிக்க வந்தபோது பின்கதவைத் திறந்து பார்த்து, "இதுதான் கார்டன் ஆயிற்றே!" என்றார். அது துணி காயப்போடும் புறக்கடை. அதில் தெய்வானை கொத்தமல்லி விதைத்திருந்தாள். அன்றிலிருந்து எங்களுக்கும் கார்டன் இருக்கிறது.

வீட்டைச் சோதிக்க வந்தார் என்றேனே, அது விளையாட்டில்லை. நாயைக் கொடுப்பதற்கு முன்னால் வேலி எத்தனை உயரம், சமையலறைக்குக் கதவு உண்டா, மாடிப்படி வழுக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டார். என் தங்கையைக் கட்டிக் கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டில் நாங்கள் வேலியைப் பார்க்கவில்லை. காபி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

நாயைத் தேர்ந்தெடுத்தது கோமதி. வரிசையாகக் கூண்டுகள். ஒன்று குரைக்க ஆரம்பித்தால் அத்தனையும் குரைக்கும். காதைப் பொத்திக்கொண்டு நடந்தோம். குட்டிகளையெல்லாம் தாண்டிப் போன கோமதி கடைசிக் கூண்டின் முன்னால் நின்றுவிட்டாள். உள்ளே ஒரு வெள்ளை நாய். ஒரு காது மட்டும் பழுப்பு. சுற்றிலும் அத்தனை கூச்சலில் அது மட்டும் கோயில் மண்டபத்தில் காற்று வாங்குவது போல உட்கார்ந்து, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது டியூக்," என்றார் மிஸ் ஹார்ப்பர். குரல் கொஞ்சம் இறங்கியது. "இரண்டு வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்தவன். சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்று ஒரு வீட்டார் கொண்டுவந்து விட்டார்கள். பின்னால் போய்த் தொட்டால் பாய்கிறான் என்று இன்னொரு வீட்டார். ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். சரிப்படவில்லை என்றால் கொண்டுவரலாம். ஆனால் மூன்றாம் முறையும் திரும்பி வந்தால்..." என்றவர் கோமதியைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார். ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

அடுத்தது போஸ்டாபீஸ். நம் ஊரில் ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுக்கப் போஸ்டாபீசுக்குப் போகிறோம் அல்லவா? இங்கே நாய்க்கும் எடுக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரிடம் "நாய் லைசென்ஸ்" என்றேன். அவர் குனிந்தபடியே, "உங்களுக்கா?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்டாரா, வாய் தவறிக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. "இல்லை, என் நாய்க்கு," என்று பணிவாகச் சொன்னேன்.

4

டியூக் என்றால் என்ன அர்த்தம் என்று தெய்வானை கேட்டாள். ஏறக்குறைய ஜமீன்தார் என்று சொன்னேன்.

"அப்படிச் சொல்லுங்க. அதனாலதான் எந்திரிக்கவே மாட்டேங்குது," என்றாள். அன்று முதல் அவளுக்கு அது சமீன்.

பெயர் மட்டுமல்ல, குணமும் ஜமீன்தான். கோமதி "டியூக்! டியூக்!" என்று கூப்பிட்டால் திரும்பாது. "சிட்!" என்றால் நிற்கும். நான் ஆங்கிலத்திலும் தமிழிலும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஃபோர்மேனின் உச்சரிப்பில் கூடக் கூப்பிட்டேன். எதற்கும் அசையவில்லை. ஆனால் தெய்வானை தட்டோடு சமையலறையை விட்டு வெளியே வந்தால் எழுந்து நின்று வாலை ஆட்டும். சாதத்தில் ரசம் ஊற்றி வைத்தால் தட்டைத் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டும்வரை நக்கும்.

தெய்வானைக்கு அதைப் பிடிக்கவில்லை என்பதுதான் வெளிப் பேச்சு. முருகன் படம் இருக்கும் அலமாரிப் பக்கம் வரக்கூடாது என்று ஒரு கோணிச் சாக்கை எல்லையாக விரித்தாள். அதற்கு மறுநாளே சமீன் அந்தச் சாக்கின்மேல் படுத்துக்கொண்டது. எல்லை என்று போட்டது அதற்குப் படுக்கையாகிவிட்டது.

மூன்றாவது வாரம் அது நடந்தது. கோமதி பள்ளிக்கூடம் விட்டு வந்து, தூங்கிக்கொண்டிருந்த நாயைப் பின்னாலிருந்து ஓடிப் போய்க் கட்டிப்பிடித்தாள். அது வாரிச் சுருட்டி எழுந்து அவள் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. உடனே விட்டும்விட்டது. பல் பட்டு ஒரு கீறல், நாலு சொட்டு ரத்தம். கோமதி அழுத அழுகையில் பக்கத்து வீட்டு மிஸஸ் கிரீன் வேலிமேல் தலையை நீட்டினார்.

நான் வந்து கையைப் பார்த்தேன். டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். வீடு திரும்பியதும், "சனிக்கிழமை கொண்டுபோய் விட்டுடறேன்," என்றேன்.

"நோ!" என்று கத்தினாள் கோமதி. கட்டுப் போட்ட கையோடு நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என் தப்பு, டாட்! அவன் தூங்கிக்கிட்டிருந்தான்!" இதெல்லாம் ஆங்கிலத்தில்.

அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். மூன்றாம் முறை திரும்பினால் என்ன ஆகும் என்பது. தெரிந்தும், திருப்பி அனுப்பும் படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. பின்னாலிருந்து தொட்டால் கடிக்கிறது' என்று எழுதினேன். முந்தைய இரண்டு வீட்டாரும் எழுதிய அதே வரிகள். பெற்ற பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்தபிறகு வேறென்ன செய்வது?

தெய்வானை நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவனைத் தெய்வானை செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

"ஏனுங்க, இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க," என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

சமையலறையில் குக்கர் அடுப்பில் இருந்தது. ஊரிலிருந்து நாங்கள் கொண்டுவந்த பிரஷர் குக்கர் அது. அது முதல் முதலாக விசிலடித்த அன்று மிஸஸ் கிரீன் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடட்டுமா என்று கேட்டு ஓடிவந்தார். அடுப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, வாசலை ஒட்டிக் கிடந்த சாக்கின்மேல் சமீன் தூங்கிக்கொண்டிருந்தது. விசில் அடித்தது. நான் தினம் கேட்கிறவன், எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. நாயின் மீசைகூட அசையவில்லை.

"பாத்தீங்களா?"

"அசந்து தூங்குது."

"அப்பறம் இதப் பாருங்க." முன்னறைக்குப் போனாள். இங்கத்திய வீடுகளுக்குத் தரை பலகையில்தான். அறையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு குதிகாலால் பலகையை ஒரே ஒரு மிதி மிதித்தாள். சமையலறை வாசலில் படுத்திருந்த நாய் கண்ணைத் திறந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அவள் கையை நெஞ்சுப் பக்கமாக இழுத்துக் காட்டினாள். அது எழுந்து நேரே அவளிடம் வந்தது. உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினாள். உட்கார்ந்தது.

"அதுக்குக் காது கேக்காதுங்க," என்றாள் தெய்வானை. "சொன்ன பேச்சுக் கேக்கறதில்லைன்னு எழுதிட்டீங்களே, கேட்டாத்தானுங்களே கேக்கும்? பொறத்தாண்டயிருந்து வந்து தொட்டா பயத்துல பாயாம என்ன பண்ணும்? எனக்கு நேத்தே சந்தேகம். இன்னைக்கு முச்சூடும் வெச்சுப் பாத்தேன். ஒரே நாள்ல நாலு சைகை கத்துக்கிச்சு."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

குனிந்து நாயின் பழுப்புக் காதைத் தடவினாள்.

"எங்கய்யன் மாதிரியே இருந்துச்சுங்க," என்றாள். "மூஞ்சியவே பாக்கறது. கூப்பிட்டாத் திரும்பாது, தரை அதிர்ந்தாத் திரும்பறது. பின்னால யாராச்சும் தொட்டா வெடுக்குனு எந்திரிக்கறது. எல்லாம் எங்கய்யனேதான்."

6

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெண் பார்க்க நாங்கள் மங்கலத்துக்குப் போனபோது அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என் அப்பா பேச்சை ஆரம்பிக்க, "இந்தப் பக்கமெல்லாம் மழை எப்படிங்க?" என்று கேட்டார். மாமனார், "மூத்தவளுங்க, பத்தொம்பது முடிஞ்சுது," என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "கேக்கறதுக்கு முந்தியே வயசச் சொல்றாரப்பா. ஒளிவு மறைவில்லாத மனுசன்!" என்றார்.

எனக்கு அப்படிப் படவில்லை. நான் இரண்டு தடவை "சௌக்கியமுங்களா மாமா?" என்று கேட்டேன். மனிதர் என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணத்துக்குப் பிறகும் அதேதான். சீமைக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொள்ள மங்கலம் போனேன். அன்று அமாவாசை, தறி ஓடாத நாள். ஊரே அமைதியாக இருந்தது. அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எதையோ சீர்படுத்திக்கொண்டிருந்தார். "போயிட்டு வர்றனுங்க, மாமா," என்றேன். திரும்பவில்லை. கடல் தாண்டிப் போகிற மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்க்கக்கூட மனசில்லாத திமிர் என்று நினைத்து, இன்னொரு தரம் சொல்லாமல் படியிறங்கி வந்துவிட்டேன். அதன்பிறகு அவருக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. தெய்வானை கடிதம் எழுதும்போது, "நீங்க ஒண்ணும் எழுதலீங்களா?" என்பாள். "இடமில்லை," என்பேன். ஏர் லெட்டரில் அரைப் பக்கம் காலியாக இருக்கும்.

"ஏன் இத்தனை வருஷம் என்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றதுங்க? எனக்குக் கீழ ரெண்டு பேரு இருந்தாங்களே. அப்பன் செவுடுன்னு தெரிஞ்சா, அது பிள்ளைகளுக்கும் வருமோன்னு ஊரு பேசும். தறிச் சத்தத்துல போன காதுன்னு யாரு நம்பறா? கடைசியவளுக்குக் கலியாணம் ஆகற வரைக்கும் வாயத் தெறக்கக்கூடாதுன்னு எங்கய்யன் சத்தியம் வாங்கிட்டாரு. தறிக்கூடத்துல அவருக்குக் கஷ்டமே இல்லீங்க. அந்தச் சத்தத்துல அங்க ஆருக்குமே கேக்காதே. எல்லாரும் கைலதான் பேசுவாங்க. வெளிய வந்தாத்தான் மனுசன் மாட்டிக்குவாரு."

"கடைசியவளுக்குத்தான் போன வருஷமே ஆயிடுச்சே?"

"ஆயிடுச்சுங்க. ஆனா அதுக்குள்ள நீங்க அவரைத் திமிர் புடிச்சவர்னு முடிவு கட்டிட்டீங்க. அதைக் கலைக்க எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரியலை."

அன்றைக்கு நான் இரண்டு காகிதங்களை எடுத்தேன். ஒன்றைக் கிழித்தேன், அது காப்பகத்தின் படிவம். இன்னொன்றில், 'மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு' என்று ஆரம்பித்தேன். நாலு வரி எழுத மூன்று ஏர் லெட்டர்கள் வீணாயின. கடைசியில் நாயைப் பற்றி எழுதிவிட்டு, 'எனக்கு இதுவரை தெரியாது. என்னை மன்னிக்க வேண்டும்' என்று முடித்தேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மழை இல்லை, நூல் கிடைப்பது சிரமமாக இருக்கிறது, அனைவரும் நலம் என்று எழுதிவிட்டுக் கடைசியில், 'நாயை நன்றாகப் பார்த்துக்கொள்ளவும்' என்று முடித்திருந்தார். அதைப் படித்துவிட்டுத் தெய்வானை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

7

அந்த ஒரு மாதம் முடிந்ததும் மிஸ் ஹார்ப்பர் தீர்ப்புச் சொல்ல வந்தார். கடித்த விஷயத்தை நான் மறைக்கவில்லை. அவர் முகம் இறுகியது. நான் மேற்கொண்டு விளக்க வாயெடுப்பதற்குள் தெய்வானை என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். நாயைப் பார்த்து, இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினாள். அது எழுந்து மூலைக்குப் போய் மரியாதையாக உட்கார்ந்துகொண்டது.

அது தறிக்கூடத்துச் சைகை. முதலாளி வருகிறார் என்று அர்த்தம். மிஸ் ஹார்ப்பருக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு தெய்வானை வரிசையாகக் காட்டினாள். வா, உட்கார், படு, போதும், சோறு. கோமதி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் சொன்னாள். நாய்க்குக் காது கேட்காது என்று தெரிந்த நாளிலிருந்து அவளும் அம்மாவிடம் சைகை கற்று வந்தாள். நாய்க்காகத் தொடங்கியது, நான் இல்லாத நேரத்தில் இருவரும் அதிலேயே பேச ஆரம்பித்திருந்தார்கள். 'குடை எடுத்துக்கோ', 'இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல சண்டை', 'அப்பாகிட்டச் சொல்லாதே' என்பதெல்லாம் அதில் இருந்தன. கடைசியில் சொன்ன சைகையை அவர்கள் அடிக்கடி பயன்படுத்துவதை நானே பார்த்திருக்கிறேன்.

மிஸ் ஹார்ப்பர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆறு மாதம் எங்களிடம் இருந்தானே," என்றார். "அந்தக் குரைப்பில் நாங்களும் எல்லா நாய்களையும் கையால்தான் கூப்பிடுவோம். அதனால் எங்களிடம் வந்துகொண்டுதான் இருந்தான். ஒருவருக்கும் தெரியவில்லையே." பிறகு எழுந்து தெய்வானையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஆங்கிலத்தில் பேசினார். தெய்வானை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முறையாக யெஸ், நோ, தேங்க்யூ என்று மாற்றி மாற்றிச் சொன்னாள். ஒன்றுகூட இடம் மாறி விழவில்லை.

8

போன கோடையில் ஊருக்கு வந்தோம். நாயை மிஸஸ் கிரீன் பார்த்துக்கொண்டார். அவருக்கும் ஒரு வாரம் வகுப்பு நடந்தது.

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் கோமதியைச் சுற்றிக் கூட்டம். "ஏங்கண்ணு, அத்தையத் தெரியுதா? ஒரு வார்த்த பேசு சாமி," என்பார்கள். கோமதி என் முதுகுக்குப் பின்னால் ஒளிவாள். "புள்ளைக்குத் தமிழே வரலியே குமாரசாமி! இப்படியா வளர்க்கறது?" என்று என் அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள். அந்தக் கேள்வியைத்தான் நானே தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று நாள் கோமதி ஒரு மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எப்போது லெஸ்டருக்குத் திரும்புவோம் என்று இரண்டு தடவை கேட்டாள்.

நாலாம் நாள் மங்கலம் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தறிச் சத்தம். தெய்வானையின் நடை வேகமாயிற்று. வழியில் இரண்டு பெண்கள் நிறுத்தி விசாரித்ததால் நாங்கள் பின்தங்கிவிட்டோம். தெய்வானையின் கடைசித் தங்கை வந்து கோமதியை முன்னால் கூட்டிப்போனாள்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் கட்டிலில் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் கோமதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரின் கைகளும் பறந்துகொண்டிருந்தன. அவள் ஏதோ காட்டினாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் எதையோ காட்டினார், அவளுக்குப் புரியவில்லை. மறுபடி மெதுவாகக் காட்டினார். புரிந்ததும் அவள், "நோ!" என்று கூவிக் கட்டிலில் விழுந்து சிரித்தாள். மூன்று நாளாக ஒருவரோடும் பேசாத பெண். வாசலில் கூடியிருந்த உறவுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன புள்ள பேசிக்கறாங்க?" என்று ஒரு பெரியம்மா தெய்வானையைக் கேட்டாள்.

"அப்புச்சிக்கும் பேத்திக்கும் ஆயிரம் இருக்கும். நமக்கெதுக்குங்க?" என்றாள் தெய்வானை. அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் கலியாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒழுங்காக விசாரித்துவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். கட்டில் அருகே போய்க் குனிந்து, கையைக் குவித்து அவர் காதோரம் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"மாமா! சௌக்கியமுங்களா!"

கூரையில் இருந்த புறா பறந்தது. தெருவில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றார். மாமனார் காதைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கோமதியின் பக்கம் திரும்பி, கைகளால் நிதானமாக எதையோ சொன்னார்.

கோமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள்.

"டாட், ஏன் இப்படிக் கத்தறீங்கன்னு அப்புச்சி கேக்கறார். அவருக்குக் காதுதான் கேக்காதாம். ஆனா பக்கத்துலதான் இருக்காராம்."

மாமனார் நகர்ந்து கட்டிலில் எனக்கு இடம் விட்டார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.